ஒப்பந்தத்தில் இல்லாத விலாங்கு

ஜனவரி 19, திங்கள்

கல்லூத்துப்பாளையம் கதவணைக்குப் போய்விட்டு இப்போதுதான் கோவை திரும்பினேன். செருப்பெல்லாம் காவிரிச் சேறு, துப்பட்டாவில் மீன் வாடை. மீன் சமைக்காத வீட்டில் பிறந்தவளுக்கு நல்ல ஆரம்பம்தான்.

வேலை இது. கதவணையில் தேங்கும் தண்ணீர் பெரிய குழாய் ஒன்றில் இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு, மறுபக்கம் ஆற்றில் சேர்கிறது. தண்ணீரோடு வரும் மீனுக்கும் அதே வழிதான். உள்ளே ஐந்து எஃகு பிளேடுகள் சுற்றிக்கொண்டிருக்கும். இடைவெளியில் நழுவிய மீன் பிழைக்கும், அடிபட்ட மீன் துண்டாகும். அங்கே இருக்கும் இரண்டு டர்பைன்களில் ஒன்றின் ரன்னர், அதாவது பிளேடுகள் உள்ள சுழலும் பகுதி, தேய்ந்துவிட்டது. மீனைக் கொல்லாத புது ரன்னர் ஒன்றைச் செய்துதர, மின்நிலையத்தார் எங்கள் பம்ப் கம்பெனியைக் கேட்டிருக்கிறார்கள். ஜூலையில் சோதனை. நூறு கெண்டை உள்ளே போனால் தொண்ணூற்றைந்தாவது உயிரோடு வெளியே வர வேண்டும். வராவிட்டால் எங்களுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய மாதிரியையே மாட்டிவிடுவார்கள். வடிவமைப்பு முழுக்க என் தலையில்.

தண்ணீர் வெளியேறும் வாய்க்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. கீழே ஓர் அம்மாள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, வெட்டுப்பட்டு மிதந்த மீன்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். அங்கம்மா, அந்த ஊர் மீனவர் சங்கத் தலைவி. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங் அம்மிணி, வெட்டிக் கழுவிக் கையில குடுக்கற மிசினுங்க இது. இதைப் போயி மாத்தறேங்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

மீன்கள் சார்பாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நின்றுகொண்டு பாதி விலாங்கு ஒன்றை அளந்துகொண்டிருந்தார். டாக்டர் இக்னேஷியஸ் மோத்தா. தூத்துக்குடிக்காரர், மீன் விஞ்ஞானி, இந்த வேலைக்கு எங்கள் ஆலோசகர். "மீதிப் பாதியப் பாத்தீங்களா மேடம்?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இவரோடு ஜூலை வரைக்கும் காலம் தள்ள வேண்டும்.

ஜனவரி 28

முதலாளி தாமோதரன் சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மூணே மூணு பிளேடா? ஏம்மா சுகந்தி, நான் டர்பைன் கேட்டனா, சீலிங் ஃபேன் கேட்டனா?"

பிளேடு குறைந்தால் மீனுக்கு இடைவெளி அதிகம் என்று சொன்னேன். முனையையும் கத்திபோல மெல்லிசாக விடாமல், மடக்கிய முட்டிபோலத் தடிமனாக, உருண்டையாக வரைந்திருந்தேன். அப்படி இருந்தால் சுற்றும்போது அது தனக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். அந்தத் தண்ணீர், எதிரில் வரும் மீனைத் தொடுவதற்கு முன்பே ஒதுக்கிவிடும்.

"கரண்டு கொறையுமா?"

"துளி கொறையுங்க சார்."

"உன் துளியெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். இரண்டு நாளாக இண்டக்ஷன் அடுப்பு.

பிப்ரவரி 20, வெள்ளி

நல்ல நாள். சின்ன அளவில் செய்த மாதிரி ரன்னரைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து ஓட்டினோம். நிஜ மீனை வைத்து ஆரம்பிக்கக் கூடாது என்று டாக்டர் மோத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கடல்பாசியைக் காய்ச்சி, கெண்டைக் குஞ்சு வடிவ அச்சில் ஊற்றி, ஜெல்லி மீன்களாகச் செய்து கொண்டுவந்தார். அடிபட்டால் ஜெல்லியில் தடம் அப்படியே தெரியுமாம். அவற்றை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். கணக்குப் பிரிவு லோகநாதன் ஒன்றைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, ருசியே இல்லை என்று என்னிடம் வந்து குறை சொன்னார்.

மிச்சம் இருந்த எல்லாவற்றையும் விட்டோம். ஒரு கீறல் இல்லாமல் மறுபக்கம் வந்து விழுந்தன! கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மீனும் பிளேடின் உருண்டை மூக்குக்கு முன்னால் மரியாதையாக விலகிப் போகிறது. தாமோதரன் சார் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கித் தந்தார். வார்ப்புக்கு வேண்டிய மர அச்சான பேட்டர்ன் வேலையை ஆரம்பிக்கப் பவுண்டரிக்கு அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

டாக்டர் மோத்தா ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்போ விலாங்கு, மேடம்?"

பிப்ரவரி 23

ஒப்பந்தத்தில் விலாங்கு இல்லை.

பிப்ரவரி 25

ஒப்பந்தத்தில் விலாங்கு இல்லை என்பதை மோத்தாவிடம் இன்று மறுபடியும் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"விலாங்கு பொறக்கது கடல்ல, மேடம். விரல் நீளம்கூட இருக்காது, அப்பவே ஆத்துக்குள்ள ஏறி வந்துரும். வருசக்கணக்கா இங்கனதான் இருக்கும், தின்னும், வளரும். கடைசியா முட்டை போட மட்டும் திரும்பக் கடலுக்குப் போவும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவ. அந்தப் போற வழியில குறுக்க நம்ம மிசினு நிக்கி."

கெண்டை குட்டை உடம்பு, ஒரு பிளேடுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நழுவிவிடும். கை நீளத்துக்கு இருக்கும் விலாங்கு எப்படி நழுவும்? அது அதனுடைய பிரச்சினை என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்றேன்.

"சரி மேடம்" என்றார். அந்தச் சரியைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தேன். உப்புப் போடவில்லை என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 4

சும்மா ஒரு தகவலுக்காக மட்டும், விலாங்கு நீளத்தில் ஒரு ஜெல்லி செய்துதரச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரு டஜன் செய்து வைத்திருந்தார்.

முதலாவது மூன்று துண்டு. இரண்டாவதும் மூன்று. மூன்றாவது என்ன ஆயிற்று என்று பார்க்காமல் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பேட்டர்ன் பாதி முடிந்துவிட்டதாகப் பவுண்டரியிலிருந்து சொன்னார்கள். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். தாமோதரன் சாரை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு, ஒரு ஜெல்லி விலாங்கை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"விடுங்க சார்."

விட்டார். மறுபக்கம் வந்த துண்டுகளை வலையில் அள்ளி அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தார்.

"இதையும் பாக்கோணும்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலீங்க சார்."

"அப்பறம்?"

"டிசைன மாத்தறனுங்க. பேட்டர்ன நிறுத்தச் சொல்லுங்க சார்."

"நீ இத எனக்குக் காட்டாமயே இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாமுங்க."

"காட்டித் தொலைச்சுட்டயே! இனி ராத்திரிக்கு எனக்குச் சோறு எறங்குமா?" மேஜையில் கிடந்த ஜெல்லித் துண்டை விரலால் தள்ளினார். "சித்திரை பொறக்கறதுக்குள்ள எனக்கு வேற படம் வேணும். வரலீன்னா இதையே வாத்துடுவேன். உன் விலாங்குக்கு நீயே பதில் சொல்லிக்க."

மோத்தா மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 12

மூக்கை இன்னும் தடிமனாக்கினேன். விலாங்கு இரண்டு துண்டு. மின்சாரமும் குறைகிறது.

மார்ச் 17

வேகத்தைக் குறைத்தேன். இரண்டு துண்டு. மோத்தா இன்று கைக்கு அடக்கமான டப்பாவில் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொண்டுவந்தார். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் மறுநாளைக்குப் பொரிகடலைச் சம்பல் செய்துவருவதாகச் சொன்னார். வேலையைக் கவனித்தால் போதும்.

மார்ச் 18

சம்பல் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வாரத் துணி முழுவதும் துவைத்தேன். பால்கனிக் கொடியின் ஒரு பக்க ஆணி போன மாதம் பிடுங்கிக்கொண்டது. கீழே இருக்கும் கம்பியில் கட்டிவிட்டதால் கொடி சாய்ந்தே கிடக்கிறது. ஈரப் புடவையைப் போட்டேன். வழுக்கி வழுக்கி இறக்கத்தின் கோடிக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. திரும்ப இழுத்துப் போட்டேன், திரும்பப் போயிற்று. மூன்றாவது முறை கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

கேமராவில் நாங்கள் பார்த்ததும் இதுதானே. விலாங்கு பிளேடின் மூக்கில், நேராகக் கட்டிய கொடியில் போட்ட துணி மாதிரி மடிந்து மாட்டிக்கொள்கிறது. இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால். எந்தப் பக்கமும் போக முடியாமல் அதே இடத்தில் அடி வாங்குகிறது. மூக்கு குறுக்கே நேராக நிற்காமல் பிறைபோல வளைந்து சாய்ந்திருந்தால்? மாட்டாது. சரிந்து கோடிக்குப் போய்விடும்.

மோத்தாவுக்குப் போன் செய்து புடவையைப் பற்றி ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். முடித்ததும், "மேடம், என்ன கலர் புடவை?" என்று கேட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது?

பச்சை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

விடுமுறை. மோத்தா ஊருக்குப் போயிருக்கிறார். பிறை வடிவ மாதிரி ரன்னர் நேற்று மாலைதான் தயாராகி வந்தது. திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம். நானே கடல்பாசி காய்ச்சினேன். அடுப்பில் பொங்கி வழிந்து அதைச் சுரண்டவே அரை மணி ஆயிற்று. காவலாளியிடம் சாவி வாங்கி ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன்.

முதல் விலாங்கு முழுசாக வந்தது. தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததை விட்டேன். அதுவும் முழுசு. கேமராவில் பார்த்தேன். பிளேடைத் தொடுகிறது, ஆனால் தங்கவில்லை. வளைவின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. யாரும் இல்லாத கூடத்தில் கைதட்டினேன்.

மோத்தாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். தகவல் சொல்லத்தான். எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார், பின்னால் கோயில் பாட்டுச் சத்தம்.

"மேடம், சர்ச்சுக்குள்ள இருக்கேன். யாருக்கும் ஒண்ணுமில்லல்லா?"

"ஒண்ணா வந்திருச்சுங்க. முழுசா, ஒண்ணா!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. அப்புறம், "இன்னைக்குச் சிரிக்கக் கூடாது மேடம், எல்லாரும் திரும்பிப் பாக்காங்க" என்றார்.

ஏப்ரல் 10

தாமோதரன் சார் தன் கையாலேயே விலாங்கு விட்டார். முழுசாக வந்ததை ஈரத்தோடு தூக்கிப் பிடித்து லோகநாதனிடம் காட்டி, "இதையாச்சும் திங்காம வையுங்க" என்றார். மின்சாரம் குறைவதும் அனுமதித்த அளவுக்குள்தான். வார்க்கலாம்.

மே 21

வார்ப்பு முடிந்தது. மெருகு போட்டு லாரியில் ஏற்றினார்கள். மூன்று பிறை, என் உயரத்துக்கு மேல். யாரும் பார்க்காதபோது ஒரு பிளேடைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜூன் 26

ரன்னரை மாட்டியாயிற்று. ஆற்றின் மேலே இருக்கும் பெரிய அணையில் தண்ணீர் திறந்தாயிற்று. சத்தம் பழையதைவிடக் குறைவு. பருந்துகள் நம்பிக்கையோடு வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஜூலை 14, செவ்வாய்

கெண்டைச் சோதனை. ஒவ்வொரு மீனின் முதுகிலும் சுருங்கிய குட்டிப் பலூன் ஒன்றைக் கட்டி உள்ளே விடுவார்கள். மறுபக்கம் வந்து சில நிமிடத்தில் பலூன் தானாக உப்பி மீனை மேலே தூக்கிவிடும். பரிசலில் போய் அள்ளி, உயிர் இருக்கிறதா, அடி பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீன் அள்ளும் வேலை அங்கம்மா அக்காவின் சங்கத்துக்கு. என் மேல் கோபம் தீராவிட்டாலும் வேலையை விடவில்லை.

ஆறு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன். பிறந்தநாள் வீடு மாதிரி இருந்தது. மீன் இருக்கும் இடத்தைப் பலூனே காட்டும்போது பருந்துகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? முதல் பருந்து ஒரு கெண்டையைப் பலூனோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மோத்தா பரிசலில் எழுந்து நின்று குடையைச் சுழற்றினார். பரிசலும் சேர்ந்து சுழன்றது.

"உக்காருங்க சாரு! மீனுக்கு முன்னால நீங்க மெதப்பீங்க!" என்று அங்கம்மா அக்கா கத்தினார்.

முடிவை நிலையத்துப் பொறியாளர்களே எண்ணினார்கள். பருந்து கொண்டுபோனதையும் செத்ததாகவே கணக்கில் வைத்தும் தேறிவிட்டோம், நன்றாகவே தேறிவிட்டோம்.

கரை ஏறும்போது அங்கம்மா அக்கா என் பக்கத்தில் வந்து, "மீனு சாருக்கு இன்னும் கண்ணாலம் ஆகலியாமா. நான் கேட்டுப்போட்டேன்" என்றார். நான் எதுவும் விசாரிக்கவில்லை.

ஜூலை 15, புதன்

விலாங்குச் சோதனை. ஒப்பந்தத்துக்காக இல்லை, எங்களுக்காக. விலாங்குகளை அங்கம்மா அக்காவிடமே விலைக்கு வாங்கியிருந்தோம். ஒவ்வொன்றின் தாடைக்குக் கீழேயும் மோத்தா ஒரு நீலச் சாயப் பொட்டு வைத்தார். பலூனும் கட்டினோம்.

பலூன்கள் எல்லாம் மேலே வந்தன. ஒன்றிலும் விலாங்கு இல்லை.

வழவழப்பான உடம்பு, கட்டிலிருந்து நழுவியிருக்கலாம். அல்லது வேறு விதமாகவும் இருக்கலாம். இருட்டும்வரை பரிசலில் தேடினோம். துண்டுகளும் இல்லை, முழுசும் இல்லை. மோத்தா காலிப் பலூன்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டார். நான் மறுபடி எண்ணினேன்.

ஜூலை 16

சோதனையில் வென்றதற்காக நிலையத்தில் பாயசம் வைத்தார்கள். எல்லோரும் கை குலுக்கினார்கள். இன்னொரு டம்ளர் தந்தபோது வேண்டாம் என்றுவிட்டேன். கெண்டை தேறிவிட்டது, வேலை முடிந்தது. ஊருக்குக் கிளம்ப இன்னும் ஏன் மனசு வரவில்லை என்று தெரியவில்லை. ஞாயிறு வரைக்கும் இருக்கிறேன் என்று தாமோதரன் சாரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 18, சனி

பல் துலக்கிக்கொண்டிருந்தேன். விருந்தினர் விடுதி வாசலில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கம்மா அக்கா. இடுப்பில் மூடி போட்ட பிளாஸ்டிக் குடம், கையில் பிய்ந்து தொங்கும் மூங்கில் மீன்பிடிக் கூடு.

"எங்கீங்க அந்த மீனு சாரு? வரச் சொல்லுங்க வெளீல!"

"என்னாச்சுங்கக்கா?"

"உங்க வெலாங்கு என்ற கூட்டப் பிச்சுப்போட்டுதுங்க! உள்ள இருந்த மீனையெல்லாம் தின்னுபோட்டு, வெளிய போறதுக்கு அடியக் கிழிச்சிருக்குது. சிக்குனது இந்தக் கொடத்துல இருக்குது. ஓடுனது எத்தனையோ!"

"நம்ம விலாங்குதான்னு எப்படிங்க தெரியும்?"

"தாடைல நீலப் பொட்டு வெச்சு உட்டது யாருங்க? நானா?"

அதற்குள் மோத்தா வந்துவிட்டார். கைலி, பனியன், பாதி முகத்தில் சவர நுரை. குடத்தின் மூடியைத் திறந்து கையை விட்டார். ஒன்று கையிலேயே சுற்றிக்கொண்டு மேலே வந்தது. அதைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்ததையும் எடுத்தார், அதற்கடுத்ததையும். நீலப் பொட்டைத் தவிர எதன் உடம்பிலும் ஒரு தடமும் இல்லை. கொழுகொழுவென்று, வயிறு நிறையத் தின்ற மீன்கள்!

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சவர நுரை பட்டுக் கண் எரிந்திருக்கலாம். என் முகத்தில் நுரை இல்லை. எனக்கும் எரிந்தது.

அங்கம்மா அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அழுகற அளவுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. கூட்டுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். இந்த மீன எடுத்துக்கறீங்களா, சந்தைக்குக் கொண்டு போவட்டா?"

"அக்கா, இது நாங்க உங்ககிட்டயே காசு குடுத்து வாங்குன மீனுங்க."

"அது அப்பப் புடிச்சது. இது இப்பப் புடிச்சது."

அவர் சொல்வது நியாயம்தான். மறுபடியும் வாங்கினோம். எங்கள் பவுண்டரியிலிருந்து எஃகு வலைக் கூடு ஒன்று செய்து அனுப்புவதாகவும் ஒப்புக்கொண்டேன். மூன்று பேரும் அவருடைய பரிசலிலேயே நடு ஆற்றுக்குப் போனோம். அங்கம்மா அக்காதான் குடத்தைச் சாய்த்தார்.

"போங்க சாமி, நல்லபடியாப் போயிச் சேருங்க. ஆனா மறுக்கா என்ற கூட்டுப் பக்கம் வந்தீங்க, கொழம்புதான்!"

நீலப் பொட்டுகள் ஒரு நொடி தெரிந்தன. பிறகு ஆறு மட்டும்தான் தெரிந்தது.

திரும்பும்போது துடுப்பைப் போட்டுக்கொண்டே, வெட்டு மீனைவிட உயிர் மீனுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்றும், புது மிசினும் அப்படியொன்றும் மோசமில்லை என்றும் சொன்னார். எங்களிடம் இல்லை, பொதுவாக ஆற்றைப் பார்த்து.

ஜூலை 29

சங்கத்தில் மற்றவர்களின் கூடுகளிலும் வலைகளிலும் நீலப் பொட்டு விலாங்குகள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். வெட்டுப்பட்டது ஒன்றுகூட இல்லை என்று இக்னேஷியஸ் அங்கிருந்து தினமும் போன் செய்து சொல்கிறார். சில நாள் இரண்டு தடவை.

இரண்டாவது டர்பைனுக்கும் எங்களையே ரன்னர் செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை ஒப்பந்தத்தில் விலாங்கு என்று தனியாக ஒரு பத்தியே இருக்கிறது. தாமோதரன் சார் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 7

அடுத்த வேலை ஏறும் பாதை. விலாங்கு இறங்க வழி செய்தாயிற்று. கடலிலிருந்து ஏறி வரும் குஞ்சுகளுக்குக் கதவணைச் சுவர் குறுக்கே நிற்கிறது. ஈரமான சொரசொரப்புப் பரப்பு கிடைத்தால் அவை சுவரில்கூட ஏறிவிடுமாம். அதை வடிவமைப்பதற்கு முன்னால் குஞ்சுகளை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் இக்னேஷியஸ். பருவமழைக்குப் பிறகு ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனால் பார்க்கலாமாம். கண்ணாடிபோல, உடம்புக்குள் முதுகெலும்பு தெரியும் அளவுக்கு இருக்குமாம்.

முற்றிலும் வேலை சம்பந்தமான பயணம். ஒரே நாளில் திரும்பிவிடலாம். போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்களாம். விலாங்குக் குஞ்சு பார்ப்பதற்கு அம்மா எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன கலர் புடவை பிடிக்கும் என்று மட்டும் கேட்டு வைத்தேன்.